முள்ளில் உறங்கும் தேவாங்கு

மதுரையிலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் திண்டுக்கல் தாண்டுவதற்குள் படுக்கையை விரித்துவிடுவார்கள். அடுத்து வரும் வடமதுரை, அய்யலூர் நிலையங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. பகலில் போனாலும் சன்னல் வழியே பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்றே தோன்றும். பாறை துருத்திய கரடுகள், உசிலை, வேல், கள்ளி, இடையிடையே சோளமும் கடலையும் போடுகிற மானாவாரிக் காடு, அவ்வளவுதான். ஆனால் குரங்கினங்களையும் அவற்றின் உறவினங்களையும் ஆராய்கிற உலக அறிவியலாளர்களுக்கு அய்யலூர் நன்றாகத் தெரிந்த பெயர். 1997-98இல் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வு மாணவி இங்கே தங்கி, இரவெல்லாம் தேவாங்குகளின் பின்னால் நடந்தார். அதே காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் சிந்து ராதாகிருஷ்ணாவும் திண்டுக்கல் மாவட்டப் புதர்க்காடுகளில் இதே விலங்கைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். சாம்பல் தேவாங்கு காட்டில் எப்படி வாழ்கிறது என்று இன்று நூல்களில் இருப்பதில் பெரும்பகுதி இந்த வறண்ட மண்ணில்தான் எழுதப்பட்டது.

மதுரையைச் சுற்றிக் காடு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையை நினைப்பதே நமக்குப் பழக்கம். மேகமலை, கொடைக்கானல், யானை, புலி, வரையாடு. நம் பக்கத்துச் சாம்பல் நிறத் தேவாங்கின் வீடு அங்கே இல்லை. நத்தம், கரந்தமலை, அய்யலூர், கடவூர் என்று நீளும் மழை குறைந்த முட்காடுகளும், அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோட்டங்களும் வேலிகளும்தான் அதன் உலகம். அரசுப் பதிவேட்டில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்ட நிலம் அது. இந்த விலங்கின் உடம்பை உச்சி முதல் கால்வரை பார்த்தால், அந்தத் தரிசு எவ்வளவு வளமான இடம் என்பது புரியும்.

முதலில் அதன் குலம். தேவாங்கு குரங்கு அல்ல. குரங்கு, மனிதக் குரங்கு, மனிதர் என்று நாமெல்லாம் சேர்ந்திருக்கும் வரிசைக்கு முதனிகள் என்று பெயர். அந்த வரிசை மிகப் பழங்காலத்திலேயே இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை குரங்குகளுக்கும் நமக்கும் வந்தது. மற்றது ஈர மூக்குள்ள முதனிகளின் கிளை. நாயின் மூக்கைப்போல இவற்றின் மூக்கு நுனி எப்போதும் ஈரமாக இருக்கும். மடகாஸ்கர் தீவின் லெமூர்கள் எல்லாம் இந்தக் கிளையில்தான் வருகின்றன. ஆப்பிரிக்காவில் மரத்துக்கு மரம் தாவும் கலாகோக்களும், ஆசியத் தேவாங்குகளும் இதே கிளை. ஆகவே வளையவால் லெமூரைப் பார்க்க ஆசைப்படும் மதுரைப் பிள்ளைகளுக்கு, அதன் ஒன்றுவிட்ட உறவு நத்தம் பக்கத்துக் கரடுகளிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வெளியிட்ட உயிரினப் பட்டியலில் லெமூர் என்ற பேரினத்தின் கீழ் அவர் வைத்த விலங்குகளில் இலங்கைத் தேவாங்கும் உண்டு. மெதுவாக நடப்பது என்று பொருள்படும் சிறப்புப் பெயரையும் சேர்த்தே கொடுத்தார். பிற்பாடுதான் தேவாங்குகளைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள்.

இந்த உறவு தமிழர்களின் சிந்தனை வரலாற்றுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு புதிரை எழுப்பினார். லெமூர்கள் மடகாஸ்கரில் ஏராளம். அவற்றின் உறவினங்கள் ஆப்பிரிக்காவில் சில, இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சில. நடுவே இத்தனை பெரிய கடல் கிடக்கும்போது இது எப்படி நேர்ந்தது? கண்டங்கள் நகரும் என்பதை அன்று யாரும் அறியவில்லை. அதனால் இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். அந்த ஊகம் பின்னர் தமிழறிஞர்களின் எழுத்துக்கு வந்து குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஸ்கிளேட்டரின் சான்றில் நம் பக்கத்துப் பங்கு என்னவென்றால், அது இந்தத் தேவாங்குதான்.

ஆனால் சான்று வேறு விதமாகப் பேசத் தொடங்கிவிட்டது. 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டப் பெயர்ச்சியை முன்வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்துக் கடலடி ஆய்வுகள் அதை உறுதி செய்தன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. லெமூர்களும் தேவாங்குகளும் தனித்தனி வழியில் போனது அதற்கும் வெகுகாலம் பின்னால். லெமூர்களின் மூதாதை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து, வெள்ளம் அடித்துச் சென்ற மரத்திட்டுகளில் மிதந்து மடகாஸ்கரை அடைந்திருக்க வேண்டும் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. தேவாங்கு வழியின் மிகப் பழைய புதைபடிவங்கள் எகிப்தின் ஃபயூம் பாலைவனத்தில் கிடைத்தவை. 2003இல் விவரிக்கப்பட்ட அவற்றின் வயது மூன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல். பாகிஸ்தானின் போத்வார் மேட்டுநிலத்திலும் தேவாங்குக் குடும்பத்தின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்குத் தரைவழியே வந்தவை என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. மூழ்கிய நிலம் எதுவும் இந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. கடல்கோள் பற்றிய நம் இலக்கிய மரபை அதன் சொந்தச் சான்றுகளோடுதான் பேச வேண்டும். தேவாங்கை அதற்குச் சாட்சிக்கு அழைப்பது அந்த மரபுக்கும் நல்லதல்ல, அறிவியலுக்கும் நல்லதல்ல.

இன்று மெலிந்த தேவாங்குகளில் இரண்டு இனங்களைப் பிரிக்கிறார்கள். இலங்கையில் மட்டும் வாழும் செந்தேவாங்கு ஒன்று. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் சாம்பல் தேவாங்கு மற்றொன்று. சாம்பல் தேவாங்கிலும் துணையினங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வாழ்வது உருவில் சிறியது, செம்பழுப்பு நிறம். நம் பக்கத்து வறண்ட நிலத்தில் வாழ்வது சற்றுப் பெரியது, சாம்பல் நிறம். இதற்கு 1908இல் ஆங்கெல் காப்ரேரா அறிவியல் பெயர் சூட்டியபோது, சென்னையிலிருந்து கிடைத்த விலங்கே மாதிரியாக இருந்தது. வடகிழக்கு இந்தியாவின் காடுகளில் உள்ள வங்கத் தேவாங்கு வேறு பேரினம். குண்டான உடம்பும் இன்னும் மெதுவான நடையும் உடையது. அதன் முழங்கைச் சுரப்பியின் நீர் எச்சிலோடு கலந்தால் நஞ்சாகும். பாலூட்டிகளில் மிக அரிதான திறன் இது.

இனி உடம்பு. வளர்ந்த தேவாங்கின் எடை கால் கிலோவை ஒட்டியிருக்கும். தலையும் உடலும் சேர்ந்து ஒரு சாண் நீளம். வால் இல்லை. கைகால்கள் பென்சில் கனத்தில் நீண்டிருக்கும். முன்கால்களும் பின்கால்களும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் கிளையின் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரேபோல் நடக்க முடிகிறது. அது தாவுவதில்லை. ஒரு கிளையை விட்டு அடுத்த கிளைக்குப் போக வேண்டுமானால், பின்கால்களால் இதைப் பற்றிக்கொண்டே முன்னுடலை நீட்டி அதைப் பிடிக்கும். பிடி உறுதியான பிறகே பின்கால் விடும். கிளை ஆடாது, இலை அசையாது. இரைக்கும் தெரியாது, ஆந்தைக்கும் தெரியாது. அவசரம் வந்தால் கிளைமேல் விறுவிறுவென்று ஓடவும் அதற்குத் தெரியும் என்பதை அய்யலூரில் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சோம்பேறி என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

அந்தப் பிடியில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன. கையின் ஆள்காட்டி விரல் மிகவும் குறுகிப்போயிருக்கிறது. அது வழிவிடுவதால் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே அகலமான இடுக்கி உண்டாகிறது. அடுத்தது, கைகால்களுக்குப் போகும் இரத்தக்குழாய். நமக்கு ஒரே பெரிய தமனியாக ஓடுவது தேவாங்கில் நுண்ணிய குழாய்களின் கற்றையாகப் பிரிந்திருக்கிறது. நாம் ஒரு கம்பியை இறுகப் பிடித்தபடி சில நிமிடம் தொங்கினாலே கை மரத்துப்போகும். தேவாங்கு மணிக்கணக்கில் பிடித்த பிடி விடாமல் இருப்பதற்கு இந்தக் குழாய் அமைப்பு உதவுகிறது என்று கருதுகிறார்கள். காலின் இரண்டாம் விரலில் மட்டும் நகத்துக்குப் பதில் கூர்மையான கொக்கி நகம் உண்டு. உடம்பைச் சொறிந்து சுத்தம் செய்ய அது. கீழ்த்தாடையின் முன்பற்கள் நெருக்கமாக முன்னோக்கிச் சாய்ந்து ஒரு சீப்பாகவே அமைந்திருக்கின்றன. மயிரை அதனால் வாரும். வாரியதில் சிக்கும் மயிரை எடுக்க நாக்கின் அடியில் இன்னொரு சிறு நாக்கு. இந்தப் பற்சீப்பு லெமூர்களுக்கும் உண்டு. இரு குலத்துக்கும் பொதுவான சொத்து அது.

கண்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் தேவாங்கு பட்ட துன்பங்களில் பாதி அந்தக் கண்களால் வந்தது. முகத்தில் பெரும்பகுதியைக் கண்களே எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் நேர் முன்னே பார்ப்பதால் தூரத்தை நுணுக்கமாக அளக்க முடிகிறது. விழித்திரைக்குப் பின்னால் ஓர் எதிரொளிப் படலம் இருக்கிறது. விழித்திரையைக் கடந்து வீணாகப் போகும் ஒளியை அது திருப்பி அனுப்பி, இரண்டாம் முறை பயன்படுத்த வைக்கிறது. இருட்டில் விளக்கு அடித்தால் கண்கள் தீக்கங்குபோல் ஒளிர்வது இதனால்தான். மாட்டின் கண்ணிலும் பூனையின் கண்ணிலும் இதே வேலைதான் நடக்கிறது. நிறம் பார்க்கும் திறனை இந்தக் குடும்பம் வெகுகாலத்துக்கு முன்பே இழந்துவிட்டது. நமக்கு நிறத்துக்கென மூன்று வகை உணரிகள் உண்டு. தேவாங்குக்கு ஒன்றே மிச்சம். இரவில் இரை தேடுகிறவனுக்கு நிறத்தைவிட ஒளிதான் முக்கியம். ஆய்வாளர்கள் நெற்றி விளக்கில் சிவப்புத்தாள் ஒட்டிக்கொண்டு காட்டில் நடப்பதும் இதைப் பயன்படுத்தித்தான். சிவப்பு ஒளி தேவாங்கின் கண்ணை அவ்வளவாக உறுத்துவதில்லை. ஆனால் கண்ணின் எதிரொளி தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் தேவாங்கு ஓர் அதிசயம். முதனிகள் பெரும்பாலும் பழம், இலை, பூச்சி என்று கலந்து உண்ணும். அய்யலூர்த் தேவாங்குகளின் உணவில் 95 சதவீதத்துக்கு மேல் பூச்சியும் சிற்றுயிர்களும்தான். எறும்பும் கரையானும் அதில் முதலிடம். வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, வாய்ப்புக் கிடைத்தால் ஒரு பல்லி. முட்காட்டில் ஆண்டின் எல்லாப் பருவத்திலும் தீராமல் கிடைப்பவை எறும்பும் கரையானும்தான். ஆனால் அவற்றில் கடிப்பவை, கொட்டுபவை, நாற்றமடிக்கும் நீரைப் பீய்ச்சுபவை ஏராளம். பறவைகள் பல தொடத் தயங்கும் பூச்சிகளைத் தேவாங்கு எடுத்துத் தின்கிறது. தின்றபிறகு தலையை உதறும், தும்மும், எச்சில் ஒழுக விடும். இன்னொன்றும் செய்யும். தன் சிறுநீரைக் கைகளில் பிடித்துக் கைகால்களிலும் முகத்திலும் தேய்த்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாகத் தோன்றலாம். கடித்த இடத்தின் எரிச்சலைத் தணிக்கவோ, கொட்டும் பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ளவோ இது உதவக்கூடும் என்று நெகாரிஸும் ராஸ்முசென் என்ற ஆய்வாளரும் 2003இல் எழுதினார்கள். தான் போன வழியை மற்றத் தேவாங்குகளுக்கு வாசனையால் அறிவிக்கும் வேலையும் சிறுநீருக்கு உண்டு.

இப்படி நச்சுத்தன்மை உள்ள உணவைத் தின்பதற்கும், உடம்பின் எரிபொருள் செலவு குறைவாக இருப்பதற்கும் தொடர்பு இருக்கலாம். இதே எடையுள்ள மற்றப் பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் தேவாங்கின் அடிப்படை வளர்சிதை மாற்றம் குறைவு. வயிற்றுக்குள் போனதை அவசரமில்லாமல் பக்குவப்படுத்த அது இடம் தருகிறது. மழை பொய்த்த ஆண்டில் கிடைத்ததைக் கொண்டு காலம் தள்ளவும் முடியும். பெருமழைக்கு மறுநாள் ஈசல் கிளம்பும்போது வயிறு நிறையச் சாப்பிடலாம். மற்ற நாட்களில் ஒவ்வொரு கிளையாக, ஒவ்வோர் எறும்பாகத் தேட வேண்டும். ஆடியும் ஆவணியும் காய்ந்தே போகிற நிலத்தில் பிழைக்க இதைவிடப் பொருத்தமான உடம்பை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தச் சிக்கனம் இனப்பெருக்கத்திலும் தெரிகிறது. தேவாங்கின் எடையே உள்ள ஒரு பெருச்சாளிக் குட்டியையோ வெள்ளெலியையோ எடுத்துக்கொள்ளுங்கள். எலியின் சினைக்காலம் மூன்று வாரம், ஓர் ஈற்றுக்குப் பத்துக் குட்டிவரை. தேவாங்கின் சினைக்காலம் ஐந்தரை மாதம். பிறப்பது ஒரு குட்டி, பல சமயம் இரட்டை. பிறக்கும்போது பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். கண் திறந்தே பிறக்கும், பிறந்த உடனே தாயின் வயிற்று மயிரை இறுகப் பற்றிக்கொள்ளும். பாதுகாப்பாக வளர்த்தால் பதினைந்து ஆண்டுவரைகூட வாழும். குறைவாகப் பெற்று, நீண்ட நாள் வளர்த்து, நீண்ட நாள் வாழும் முறை இது. இத்தகைய விலங்கில் வளர்ந்த பெண் ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்தால், அந்த இடம் நிரம்ப நெடுங்காலம் ஆகும். எலியைப் பிடிப்பதுபோல் நினைத்துத் தேவாங்கைப் பிடித்து விற்றவர்கள் செய்த சேதம் ஏன் ஈடுகட்ட முடியாதது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

குட்டிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனதும் தாய் ஒரு புதிய பழக்கத்தைத் தொடங்கும். மாலையில் புறப்படும்போது குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போய்விடும். ஆய்வாளர்கள் இதைக் குட்டி நிறுத்துதல் என்கிறார்கள். விடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளும். தனித்து வாழும், யாரோடும் சேராத விலங்கு என்றுதான் பழைய நூல்கள் தேவாங்கைப் பற்றி எழுதின. கூண்டில் அடைத்ததைப் பார்த்தும், அருங்காட்சியகத் தோல்களை வைத்தும் எழுதப்பட்ட வரிகள் அவை. அய்யலூரில் இரவெல்லாம் கூட நடந்தபோது வேறு படம் தெரிந்தது. நிறுத்தி வைத்த குட்டிகளை வளர்ந்த ஆண்கள் வந்து பார்த்தன. இளையவை வந்து விளையாடின, மயிர் வாரிவிட்டன. விடியும் நேரத்தில் ஒரு பெண், அதன் குட்டிகள், சில ஆண்கள் ஒன்றுகூடி ஒரே பந்தாகச் சுருண்டு உறங்கின. மாலையில் கலைவதற்கு முன்பு ஒன்றையொன்று நாவால் நக்கிச் சுத்தம் செய்துகொண்டன. தள்ளித் தள்ளி இரை தேடும்போதும் நீண்ட சீழ்க்கை ஒலியால் ஒன்றுக்கொன்று இருப்பைத் தெரிவித்தன. ஒரு பெண்ணின் நடமாட்டம் ஏறத்தாழ நான்கு ஏக்கரில் அடங்கியது. ஆணுக்கு ஒன்பது ஏக்கர் வரை. பெண்களின் எல்லைகள் பெரும்பாலும் தனித்தனி. ஆண்களின் எல்லைகள் அவற்றின் மேல் படர்ந்து கிடந்தன.

உறங்குவதற்குத் தேவாங்கு பொந்தைத் தேடுவதில்லை, கூடும் கட்டுவதில்லை. முள் நிறைந்த மரத்தின் கிளைச் சிக்கலுக்குள் போய், கிளையைப் பற்றியபடி தலையைக் கால்களுக்கிடையே புதைத்து உறங்கும். வேல மரத்தின் நீண்ட முள்தான் அதற்கு மதில். பாம்பும் காட்டுப்பூனையும் கழுகும் அந்தச் சிக்கலுக்குள் நுழைய யோசிக்கும். ஆகவே முள்மரத்தை வெட்டி அழகான நிழல்மரம் நட்டால் தேவாங்குக்கு வீடு போய்விடுகிறது. நாம் செய்யும் நல்ல காரியங்களிலும் இந்த விலங்கை மறந்துவிடுகிறோம் என்பதற்காகச் சொல்கிறேன். பசுமையாக்கம் என்று சொல்லி முட்புதரைக் கூட்டித் தள்ளிவிட்டு வரிசையாகக் கன்று நடும் விழாக்கள் மதுரை வட்டாரத்தில் நிறைய நடக்கின்றன. கன்று நடுவதற்கு முன்பு, அங்கே ஏற்கெனவே நிற்கும் உசிலையையும் விடத்தலையையும் சூரையையும் யாராவது எண்ணிப் பார்த்தால் தேவலை.

மனிதர்களோடு அதன் உறவு நெடுங்காலம் துயரமாகவே இருந்து வந்திருக்கிறது. இருட்டில் ஒளிரும் கண், மனித முகம்போன்ற முகம், சத்தமில்லாத நடை. இவை அச்சத்தை உண்டாக்கின. எதிரில் பட்டால் ஆகாது என்றார்கள். மாந்திரீகத்துக்கும் வசியத்துக்கும் பிடித்தார்கள். அதன் கண்ணில் மருந்து இருப்பதாகச் சொல்லி விற்றார்கள். குறி சொல்கிறவர்கள் கூண்டில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார்கள். ஒல்லியான பிள்ளையைத் தேவாங்கு என்று கேலி செய்யும் பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதன் கண்ணில் மருந்து இருப்பதாகச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இரவில் தெளிவாகப் பார்க்கும் விலங்கின் கண்ணைத் தின்றால் நமக்குப் பார்வை கூடும் என்பது வெறும் ஒப்புமையில் எழுந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்காக ஒரு விலங்கின் கண்ணைப் பிடுங்குவது கொடுமை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தேவாங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. பிடித்தாலோ வைத்திருந்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

ஆனால் இன்றைக்கு மாந்திரீகத்தைவிடப் பெரிய ஆபத்து நிலத்தில் இருக்கிறது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய பகுப்பு இன்றும் நடப்பில் உள்ளது. வரி வருமா வராதா என்ற ஒரே கேள்வியை வைத்து மண்ணைப் பிரித்த கணக்கு அது. அந்தக் கணக்கில் எறும்புப் புற்றுக்கும் வேல மரத்துக்கும் இடமில்லை. அதனால் கல் உடைக்கவும், மண் அள்ளவும், மனை போடவும், குப்பை கொட்டவும் முதலில் கைவைக்கும் இடம் கரடாகவே இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்ட கதையை 2012இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயத்தின் அறிக்கை நாடறியச் செய்தது.

அதே மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. சமணர் படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், குன்றுகளைச் சுற்றி ஏரிகளும் சுனைகளும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193 எக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பில் குறிப்பிடப்பட்ட விலங்குகளில் எறும்புதின்னியோடும் மலைப்பாம்போடும் தேவாங்கும் இருந்தது. இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2024இல் இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டு எழுந்தன. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையையும் ஏரியையும் கோயிலையும் விளைநிலத்தையும் காக்கத்தான் மக்கள் நடந்தார்கள். தேவாங்குக்காக யாரும் தனியாக முழக்கமிடவில்லை. ஆனாலும் மலை தப்பியதால் தேவாங்கும் தப்பியது.

2022 அக்டோபர் 12 அன்று இன்னொரு நல்ல செய்தி வந்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டைத் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுவே. கடவூர் வட்டமும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களும் இதில் அடங்கும். கடவூரின் நிலவமைப்பே அலாதியானது. மலைகள் ஏறக்குறைய முழு வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவே கிண்ணக்குழியாக வயலும் ஊர்களும். புலி இல்லாத, அருவி இல்லாத, சுற்றுலாப் பயணி வராத முட்காட்டைச் சரணாலயமாக அறிவிக்க ஓர் அரசு முன்வந்தது என்பதை நான் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன்.

இருந்தாலும் தேவாங்கு எல்லைக்கல் பார்த்து நடப்பதில்லை. சரணாலயத்துக்கு வெளியே தோட்டங்களின் ஓரத்தில், கிளுவை வேலியில், கள்ளிப் புதரில், புளியந்தோப்பில் அது வாழ்கிறது. திண்டுக்கல், கரூர்ப் பக்கத்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த உயிர்வேலிகள்தான் ஒரு கரட்டையும் அடுத்த கரட்டையும் இணைக்கும் பாதை. தாவத் தெரியாத விலங்குக்குக் கிளையோடு கிளை தொடர்ந்திருந்தால் மட்டுமே வழி உண்டு. அந்த வேலியை எடுத்துவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தால், அது தரையில் இறங்க வேண்டியிருக்கும். தரையில் நாய் இருக்கிறது, சாலை இருக்கிறது. நான்குவழிச் சாலையின் நடுவில் முகப்பு விளக்கு முகத்தில் அடித்ததும் அந்தக் கண்கள் கூசிப்போய் அப்படியே உறைந்து நிற்கும். கிளை என்று நினைத்து மின்கம்பியில் ஏறியும் இறக்கிறது. பெங்களூரில் 2014 முதல் நகர மக்களே இரவில் நடந்து, கல்வி வளாகங்களிலும் தோப்புகளிலும் மிஞ்சியிருக்கும் தேவாங்குகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். மரத்துக்கு மரம் கிளை தொடும் இடங்களில்தான் அவை தாக்குப்பிடிக்கின்றன. மதுரையைச் சுற்றிய கல்லூரிகளின் மாணவர்கள் நத்தம், மேலூர், அழகர்கோவில் பக்கத்துக் கரடுகளில் வனத்துறையின் அனுமதியோடு இதே வேலையைத் தொடங்கலாம். சிவப்புத்தாள் ஒட்டிய விளக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

அந்தப் பக்கம் இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் செய்ய ஒன்று உண்டு. சாலையில் இரண்டு செங்கண்கள் தாழ்வாக, அசையாமல் தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டி முகப்பு விளக்கைத் தாழ்த்துங்கள். தொடவோ தூக்கவோ வேண்டாம், படமெடுக்கப் பளிச் விளக்கும் வேண்டாம். ஒளி விலகியதும் அதுவே ஓரத்துப் புதரைத் தேடிப் போய்விடும். அடிபட்டிருந்தால் பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தோட்டத்து வேலியில் பகலில் சுருண்டு உறங்குவதைக் கண்டால், அந்த வாரம் அந்த வேலியைக் கழிக்காமல் விட்டுவையுங்கள். பக்கத்தில் எங்காவது அதன் குட்டியும் இருக்கலாம்.